ஆள் பாதியைக் கேட்டீர்களா?

நண்பர்களே, இந்த முறை கொஞ்சம் கோபத்தோடு எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயம் என்னவோ சட்டை, புடவை விஷயம்தான். ஆனால் அதற்குள்ளே பாவம் சில மனிதர்கள் மாட்டிக்கொண்டு மூச்சுத் திணறுகிறார்கள். அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். அவர்களில் ஒருவனாகிய நான் இன்று திறக்கிறேன்.

தை பிறந்ததிலிருந்து நம் ஊரில் கல்யாணத்துக்குக் குறைவில்லை. முன்பெல்லாம் பத்திரிகை மட்டும் வரும். இப்போது பத்திரிகையோடு கூடவே வாட்ஸ்அப்பில் ஓர் உத்தரவும் வருகிறது. மஞ்சள் பூசும் அன்று எல்லோரும் மஞ்சள். மருதாணி அன்று பச்சை. வரவேற்புக்கு ஆண்கள் அனைவரும் ஒரே துணியில் ஜிப்பா, பெண்கள் அனைவரும் ஒரே ரகத்தில் பட்டு. மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கும் அதுதான், எண்பது வயது அத்தைக்கும் அதுதான். ஏனென்று கேட்டால், "போட்டோவுல நல்லா இருக்கும் மாமா" என்கிறார்கள். போட்டோவில் நன்றாக இருக்கும். அந்த ஆறு மணி நேரம் அதற்குள் இருக்கும் ஆள் எப்படி இருப்பார் என்று யாரும் கேட்பதில்லை.

எனக்கு வயது 74. அரசு அலுவலகத்தில் 38 வருடம் குமாஸ்தா உத்தியோகம். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சில் படித்தவன் என்பதால் பழைய பிரெஞ்சுப் பத்திரங்கள், பதிவேடுகள் எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். காலையில் ஆவண அறைக்குள் போனால் மாலை வரை பத்து வார்த்தைகூடப் பேசாத நாட்கள் உண்டு. எனக்கு அது தண்டனையாகத் தெரிந்ததே இல்லை. சொல்லப்போனால் அந்த வேலை எனக்குப் பிடித்ததே அதனால்தான். இந்த 38 வருடமும் வெள்ளை அல்லது வெளிர்நீல அரைக்கைச் சட்டை, சாம்பல் நிற பேண்ட். வீட்டுக்கு வந்தால் கைலி, கை வைத்த பனியன். இவ்வளவுதான் என் உடை சரித்திரம்.

எழுபதுகளில் சஃபாரி சூட் வந்தது, நினைவிருக்கிறதா? எங்கள் அலுவலகத்தில் ஒரே மாதத்தில் பாதிப் பேர் சஃபாரிக்கு மாறினார்கள். நான் மாறவில்லை. மேலதிகாரி ஒருவர் எல்லோர் முன்னாலும், "என்னய்யா, தினமும் துக்க வீட்டுக்குப் போற மாதிரி வர்றீரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அடுத்த நாளும் அதே சட்டைதான். சஃபாரி போய்விட்டது, அந்தச் சட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது என்று பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒரு மனிதன் தனக்கு இதமாக இருப்பதை உடுத்துவதற்குக்கூட நாலு பேருக்கு முன்னால் பதில் சொல்ல வேண்டியிருக்கிறதே, அதைச் சொல்கிறேன்.

கார்ல் யுங் என்ற சுவிட்சர்லாந்து மனோதத்துவ அறிஞர் 1921இல் வெளியிட்ட நூலில், மனிதர்களின் சுபாவத்தை உள்முகம், வெளிமுகம் என்று வகைப்படுத்தினார். வெளிமுகக்காரருக்கு நாலு பேர் நடுவே இருந்தால் தெம்பு ஏறும். உள்முகக்காரருக்கு அதே நாலு பேர் நடுவே தெம்பு இறங்கும். தனியே கொஞ்ச நேரம் உட்கார்ந்தால்தான் மறுபடி ஏறும். இது நோயும் அல்ல, கர்வமும் அல்ல. ஆனால் நம் வீடுகளில் இதற்கு என்ன பெயர்? உம்மணாமூஞ்சி. ஊமைக்கோட்டான். போதாததற்கு "ஊமை ஊரைக் கெடுக்கும்" என்று ஒரு பழமொழி வேறு. நான் படித்த பிரெஞ்சில் 'திஸ்க்ரே' என்றொரு சொல் உண்டு. தன்னை முன்னே தள்ளிக்கொள்ளாத, கண்ணை உறுத்தாத ஆள் என்று பொருள். ஒருவரை அப்படிச் சொன்னால் அது பாராட்டு. உடையையும் அதே சொல்லால் பாராட்டுவார்கள். நம் தமிழிலும் 'அடக்கம்' என்ற அருமையான சொல் இருக்கத்தான் செய்கிறது. கல்யாண மண்டபத்து வாசலில் மட்டும் அது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

இப்படிப்பட்ட சுபாவம் உள்ளவருக்கு உடை என்பது என்ன? வெளியே போகும்போது கூட எடுத்துச் செல்லும் சின்ன வீடு. அதற்குள் இருந்துகொண்டுதான் அவர் ஊரைப் பார்க்கிறார். பளபளவென்று ஒன்றை மாட்டிவிட்டால் ஊர் அவரைப் பார்க்கத் தொடங்குகிறது. "அட, புதுசா? எங்க எடுத்தீங்க? எவ்வளவு? இந்த வயசுல சும்மா ஜம்முனு இருக்கீங்களே!" ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும், சிரிக்க வேண்டும். வெளிமுகக்காரருக்கு இது விருந்து. இவருக்கு இது கூலி இல்லாத வேலை. பந்தி போடுவதற்குள் களைத்துவிடுவார்.

வரலாறு கொஞ்சம் சொல்கிறேன். 1873இல் நம் ஊர் நீதிமன்றத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். வக்கீல் பொன்னுத்தம்பி பிள்ளை ஐரோப்பிய ஷூ அணிந்து வந்தார் என்பதற்காக நீதிபதி அவரை வாதாட விடவில்லை. அவர் பாரீஸ் வரை வழக்கைக் கொண்டுபோய் வென்றார். பிற்காலத்தில் லபோர்த் என்று குடும்பப் பெயர் வைத்துக்கொண்டவர் அவர்தான். அதற்கு 141 வருடம் கழித்து, 2014 ஜூலையில், சென்னையில் ஒரு கிளப்பில் நடந்த நூல் வெளியீட்டுக்குப் போன உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனை, வேட்டி கட்டியிருந்தார் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். தமிழ்நாடு சட்டமன்றம் அதே வருடம், பொது இடங்களில் வேட்டி கட்டியவரைத் தடுக்கக்கூடாது என்று சட்டமே போட்டது.

ஒருவரை ஷூ போட்டதற்காக வெளியே அனுப்பினார்கள். இன்னொருவரை வேட்டி கட்டியதற்காக. இரண்டு இடத்திலும் நியாயம் ஒன்றுதான்: என் காலில் என்ன, இடுப்பில் என்ன என்பது என் விருப்பம். நீதிமன்றத்தைத் திருத்த ஒரு தீர்ப்பு வந்தது. கிளப்பைத் திருத்த ஒரு சட்டம் வந்தது. குடும்பத்தைத் திருத்த எது வரும்? அங்கே மைத்துனியும் மருமகனும் பேரப்பிள்ளையும்தான் நீதிபதி. மேல்முறையீடு கிடையாது.

இதில் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு அம்மாள். கணவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு அழுத்தமில்லாத நிறத்தில், சின்னக் கரை போட்ட பருத்திப் புடவைதான் பிடிக்கும். கணவர் இருந்த காலத்திலும் அதேதான், எனவே இதைக் கைம்பெண் கோலம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பேத்தியின் நிச்சயதார்த்தத்துக்கு மகள்கள் கிளிப்பச்சையில் கனமான ஜரிகைப் பட்டு எடுத்து, முதுகில் கயிறு கட்டும் ரவிக்கையும் தைத்து வைத்துவிட்டார்கள். அவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அன்று காலையில் முட்டி வலி என்று சொல்லி வீட்டிலேயே படுத்துவிட்டார். பேத்தி மோதிரம் மாற்றிக்கொண்டதை போனில் பார்த்தார். "எனக்கு முட்டியில ஒண்ணும் இல்லண்ணே" என்று பிறகு என்னிடம் சொன்னார். மகள்களோ இன்று வரை, அம்மாவுக்கு எங்கள் சந்தோஷத்தில் அக்கறை இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நஷ்டம் இதுதான். ஒரு பாட்டிக்குப் பேத்தியின் நிச்சயதார்த்தம் போயிற்று. ஒரு பேத்திக்குப் பாட்டியின் ஆசீர்வாதம் நேரில் கிடைக்காமல் போயிற்று. எதற்காக? ஒரு நிறத்துக்காக. இப்படி எத்தனை 'முட்டி வலி'கள் நம் ஊரில் இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். கல்யாணத்துக்கு வராத சித்தப்பா, முகூர்த்தம் முடிந்ததும் பின்வாசல் வழியே போய்விடும் அண்ணன், ஷெர்வானி மாட்டிவிட்டதால் அறையை விட்டே வெளியே வராத பன்னிரண்டு வயதுப் பையன். எல்லோரையும் "ஒட்டாத ஜாதி" என்று சொல்லி முடித்துவிடுகிறோம்.

உடனே "ஆள் பாதி, ஆடை பாதி" என்பார்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆடை பாதி என்றால் மீதிப் பாதி ஆள்தானே? அந்தப் பாதியைக் கேட்டீர்களா? இரண்டு பாதியும் பொருந்தினால்தான் முழு மனிதன். பொருந்தாத ஆடையை மாட்டிவிட்டால் ஆள் அங்கே பாதியாகத்தான் நிற்பான். பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு நேர்மாறாக, அங்கி போட்டவனெல்லாம் சந்நியாசி ஆகிவிட மாட்டான் என்று ஒரு பழமொழி சொல்வார்கள். அவர்கள் மொழியில் உடுத்துவதற்கு ஒரு வினை உண்டு, 'ஸபிய்யே'. வேஷம் கட்டுவதற்கு வேறொரு வினை, 'ஸு தெகிஸே'. இரண்டும் வேறு வேறு என்று சின்ன வயதிலேயே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த அம்மாளுக்கு அவர் மகள்கள் எடுத்தது உடையல்ல, வேஷம்.

"விசேஷத்துக்கு ஒரு மரியாதை வேண்டாமா?" என்பது அடுத்த வாதம். வேண்டும். யார் வேண்டாம் என்றது? கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். துவைத்த துணி, இஸ்திரி போட்ட துணி, பொத்தான் அறுந்திராத துணி. மரியாதை அங்கே இருக்கிறது. கசக்கிக் கட்டு என்றார்களே தவிர, மஞ்சளில் கட்டு என்று சொல்லவில்லை. ஒவ்வொரு ஜூலை 14ஆம் தேதியும் கடற்கரையில் போர் நினைவுச் சின்னத்தின் முன் நம் ஊர் சொல்தாக்கள் நிற்பதைப் பார்த்திருக்கிறீர்கள். கோட்டு, அதன் மேல் பதக்கங்கள். அவர்களுக்கு அது உடையோடு ஒட்டிய வாழ்க்கை. நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறார்கள், பார்க்க எனக்கும் பெருமையாக இருக்கிறது. அலங்காரம் வேண்டும் என்பவர் தாராளமாக அலங்கரித்துக்கொள்ளட்டும். என் சண்டை அவரோடு அல்ல. தன் அலங்காரத்துக்கு என்னைத் தோரணமாக்குபவரோடுதான் என் சண்டை.

"நல்ல துணி போட்டால் தன்னம்பிக்கை தானாக வரும்" என்று இளையவர்கள் சொல்கிறார்கள். சிலருக்கு வரும். வேறு சிலருக்கு, போட்டிருக்கும் துணியை மறந்த பிறகுதான் வரும். என்னைப் போன்றவர்களுக்கு நல்ல துணி என்பதன் இலக்கணமே அதுதான்: போட்ட ஐந்து நிமிடத்தில் மறந்துபோக வேண்டும்.

அப்படிப்பட்ட துணியைத் தேர்ந்தெடுப்பது எப்படி? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் நூல். நம்முடையது கடற்கரை ஊர், காற்றிலேயே ஈரம். பருத்தி நூல் சாதாரணமாகவே தன் எடையில் 7, 8 சதவீதம் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது. வியர்வை உடம்பிலேயே நிற்கும், துணி முதுகில் ஒட்டும், நாலு பேர் நடுவே ஏற்கெனவே வியர்க்கும் மனிதனுக்கு இன்னும் வியர்க்கும். நம் ஊர் துணிக்குப் பெயர் போன ஊர். இங்கிருந்து நீலச் சாயத் துணி 'கினே' என்ற பெயரில் கப்பலேறி ஆப்பிரிக்காவில் செனகல் வரை போயிருக்கிறது. 1898இல் ஆரம்பித்த ரோடியர் மில் பிறகு ஏ.எஃப்.டி. ஆகி, 2020இல் மூடியே விட்டார்கள். அதற்காக நாம் மூச்சு விடாத துணிக்குள் போய் உட்கார வேண்டியதில்லை. நல்ல பருத்தி இன்னும் கிடைக்கிறது. கைத்தறிக் கடைகளில் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, கை சொல்லும் சாட்சி. ஒரு உடையைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்கள். உங்கள் கை எங்கே போகிறது என்று பாருங்கள். காலரை இழுக்கிறதா, கழுத்துப் பட்டையில் குத்தும் லேபிளைச் சொறிகிறதா, தோளில் சரியும் முந்தானையைத் தூக்குகிறதா, இடுப்பில் நழுவும் வேட்டியைப் பிடிக்கிறதா? கை போகும் இடமெல்லாம் அந்த உடை உங்களோடு பேசிக்கொண்டே இருக்கிறது என்று பொருள். லேபிளைப் பிரித்துவிடலாம், காலரைத் தளர்த்தித் தைக்கலாம், வேட்டிக்கு மேல் ஒரு பெல்ட் கட்டலாம். சரி செய்ய முடியாததை விட்டுவிடுங்கள். முதுகில் கொக்கி வைத்த ரவிக்கை, தோள்வலி உள்ள பெண்ணுக்கு எதற்கு? முன்பக்கம் கொக்கி வைக்கச் சொல்லுங்கள். "இப்ப யாரும் அப்படித் தைக்கிறதில்லம்மா" என்று தையல்காரர் சொன்னால், "நான் தைச்சுக்கிறேன்" என்று சொல்லுங்கள்.

மூன்றாவது, சத்தமும் கனமும். கஞ்சி முறுகப் போட்ட வேட்டி, சரசரக்கும் பட்டு, இரண்டும் நடக்கும்போதே ஆளை அறிவிக்கும். கஞ்சியைப் பாதியாகக் குறைத்தால் துணியும் நிற்கும், தொடையிலும் குத்தாது. புதுத் துணியை ஒரு முறையாவது அலசி, ஒரு சாயங்காலம் வீட்டில் உடுத்திப் பழகிய பிறகே வெளியே போட வேண்டும். விசேஷத்தன்று காலையில்தான் முதன்முதலாகப் போடுவது என்பது, தெரியாத ஆளோடு பேருந்தில் ஒட்டி உட்கார்ந்து போவது போல.

நான்காவது, பை. சட்டைக்கு மார்புப் பை வேண்டும். கண்ணாடி, பேனா, மாத்திரை, வீட்டுச் சாவி எல்லாம் இருக்கும் இடத்தில் இருந்தால் யாரையும் எதையும் கேட்க வேண்டியதில்லை. பெண்களின் சுடிதாரில் பை வைக்காமல் தைப்பது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு இன்றும் புரியவில்லை. பக்கவாட்டில் ஒரு பை வைக்கச் சொல்லிக் கேளுங்கள். நைட்டிக்கும் அப்படியே. நைட்டி மேல் துண்டு போட்டுக்கொண்டு வாசல் தெளிக்கும் நம் தெருப் பெண்களைக் கேலி செய்பவர்கள், மே மாதத்தில் அடுப்படியில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வந்து பேசட்டும்.

நிறத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அமைதியான ஆள் என்றால் வெள்ளைதான், சாம்பல்தான் என்று நான் சொல்லவில்லை. வெள்ளையே சில சமயம் காது கிழியக் கத்தும். முழுக்கைச் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டு, கஞ்சி மொடமொடக்கும் வேட்டியோடு காரிலிருந்து இறங்கும் அரசியல் பிரமுகரைப் பாருங்கள். நூறு அடி தூரத்திலிருந்தே தெரிவார். எளிமை என்று பெயர் வைத்து, கசங்கிய லினன் சட்டையைச் சில ஆயிரம் ரூபாய்க்கு விற்கிறார்களே, அதுவும் ஒரு விளம்பரம்தான். மறுபக்கம், மார்க்கெட்டில் எல்லோரும் பளிச்சென்ற பூப்போட்ட புடவையில் இருக்கும்போது, பேசவே கூச்சப்படும் ஒரு பூக்காரம்மாவுக்கு அந்தச் சிவப்புப் புடவைதான் அடக்கமான உடை. அவர் வெள்ளை கட்டினால்தான் எல்லோரும் என்னாச்சு என்று கேட்பார்கள். எனவே நிறத்துக்குச் சட்டம் இல்லை. "என்ன விசேஷம்?" என்று யாரும் கேட்காத உடை எதுவோ, அதுவே அவருக்கு ஏற்றது. அது எது என்று அவருக்குத்தான் தெரியும்.

கஞ்சத்தனம் என்று சிலர் சொல்வதற்கும் ஒரு வார்த்தை. என்னிடம் ஆறு சட்டை இருக்கிறது. ஆறும் அளவெடுத்துத் தைத்தவை, துணி பார்த்து வாங்கியவை. ஒரு முறை போட்டோவுக்குப் போட்டுவிட்டு பீரோவில் தூங்கும் ஜிப்பாவின் விலையையும், வாரம் ஒரு முறை உழைக்கும் என் சட்டையின் விலையையும் யாராவது கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். கணக்கு எழுதியே 38 வருடம் சம்பளம் வாங்கியவன் நான்.

இளையவர்களுக்கு என் வேண்டுகோள் இவ்வளவுதான். வீட்டில் அதிகம் பேசாத ஒருவர் இருந்தால், அவருக்குத் துணி எடுப்பதற்கு முன் அவரையே கேளுங்கள். "உங்களுக்கு எது பிடிக்கும்?" என்று மட்டும் கேட்டால் "எதுன்னாலும் சரி" என்பார், அதை நம்பாதீர்கள். அவருடைய அலமாரியைத் திறந்து, எது வெளுத்துப்போகும் அளவுக்கு அதிகம் துவைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அதே மாதிரி புதிதாக ஒன்று எடுங்கள். எல்லோரும் மஞ்சளில் நிற்கும் போட்டோவில் ஒருவர் வெளிர்நீலத்தில் நின்றால் ஒன்றும் குடி முழுகிப் போகாது.

நம் வயதுக்காரர்களுக்கும் ஒன்று. முட்டி வலி என்று பொய் சொல்லாதீர்கள். "நான் வருகிறேன், என் புடவையில் வருகிறேன்" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லிப் பாருங்கள். வாய் வராவிட்டால் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள்.

அந்த அம்மாளின் பேத்திக்கு வைகாசியில் கல்யாணம். அவர் முதல் வரிசையில் உட்கார வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன், அந்தச் சின்னக் கரைப் பருத்திப் புடவையிலேயே. அவர் மகள்கள் இதைப் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதியிருக்கிறேன்.